மதுரையில் போட்ட எம்.ஆர். தடுப்பூசி நியூ ஜெர்சி பள்ளியில் செல்லுமா?

வணக்கம். ஐந்து வயதாகும் எங்கள் மகளுக்குத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படவில்லை என்று கூறி, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளிச் செவிலியர் அவளது சேர்க்கையை நிறுத்தி வைத்திருக்கிறார். செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது.

மதுரையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16ஆம் மாதத்தில் ஒன்று என தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்தான எம்.ஆர். ஊசி இரண்டு முறை போட்டிருக்கிறோம். தடுப்பூசி அட்டையில் இரண்டுக்கும் எதிரே நீல மையில் தேதியும் கையொப்பமும் உள்ளன. பொன்னுக்கு வீங்கிக்கு அதில் கட்டமே கிடையாது.

தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) எஞ்சியிருக்கையில் ஊசியின் பலன் குறைவதால் (9 மாதத்தில் சுமார் 85 விழுக்காடு, 12 மாதத்தில் சுமார் 95), முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை அமெரிக்கா கணக்கில் சேர்ப்பதில்லை என்றும், தட்டம்மை பரவும் நாடுகளில் ஓராண்டு காத்திருப்பதே ஆபத்து என்பதால் அங்கே 9 மாதத்தில் தொடங்குகிறார்கள் என்றும் படித்தறிந்தேன். இரண்டுமே நியாயம்தான்; இடையில் மாட்டிக்கொண்டது எங்கள் அட்டை.

அட்டையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றொப்பத்துடன் கொடுத்தோம். ஊசிகள் முழுமை என்று மதுரை மருத்துவர் தந்த கடிதத்தைச் செவிலியர் ஏற்கவில்லை. இங்குள்ள குழந்தை மருத்துவரோ முதலிலிருந்து இரண்டு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) போடச் சொல்கிறார்.

16ஆம் மாத ஊசியைக் கணக்கில் கொண்டு, இப்போது ஒரே ஒரு எம்.எம்.ஆர். மட்டும் போட்டு, நியூ ஜெர்சி பள்ளியில் யாருக்கேனும் சேர்க்கை கிடைத்திருக்கிறதா?