'பேட்ச்' உற்பத்திக்கு 'ஈட்டு உற்பத்தி': ஒரு முன்மொழிவு

அன்புடையீர்,

உற்பத்தி முறைகளுக்கான நம் சொற்பட்டியலில் 'பேட்ச்' முறைக்கு, அதாவது ஒரு தடவைக்கு இவ்வளவு எனப் பிரித்துப் பிரித்துச் செய்யும் முறைக்கு, 'தொகுதி உற்பத்தி' என்று இருப்பதை மாற்றலாம் எனக் கருதுகிறேன். தமிழ்நாட்டில் தொகுதி என்றதும் தேர்தல் நினைவுக்கு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் சமிபாட்டுத் (செரிமானத்) தொகுதி, சுவாசத் தொகுதி என அச்சொல் 'சிஸ்டம்' என்பதற்கே நிலைபெற்றுவிட்டதால், அங்குள்ள மாணவருக்குத் 'தொகுதி உற்பத்தி' வேறொரு பொருளையே தரும்.

நான் முன்வைப்பது 'ஈடு'. இன்னும் எத்தனை ஈடு இட்லி ஊற்ற வேண்டும் என்று வீட்டில் கேட்கிறோமே, அதே ஈடுதான். ஒரே தடவையில் இட்டு, ஒன்றாக வேகவைத்து, ஒன்றாக இறக்குவதைக் குறிக்கும் இச்சொல், 'இடு' என்னும் வினையின் முதனிலை நீண்டு பிறந்த பெயர். ஆங்கிலப் 'பேட்ச்'சும் ரொட்டி சுடுதலைக் குறிக்கும் வினையின் வழிவந்து, ஒருமுறை அடுப்பில் சுட்டெடுத்தவற்றையே முதலில் குறித்தது. இரு மொழிகளும் சமையலறையிலிருந்தே தொடங்கியிருக்கின்றன.

முதலீடு, காப்பீடு போன்றவற்றோடு குழம்பும் என்பார்கள். அவற்றில் 'ஈடு' பின்னே நிற்கிறது. இங்கே அடையாக முன்னே வருகிறது. சொத்தை அடமானம் வைத்து வாங்கும் 'ஈட்டுக்கடன்' ஒன்றுதான் மெய்யான இடையூறு. ஆனால் அது வங்கியில் புழங்கும் சொல், இது பட்டறையில் புழங்கப்போவது.

கலைச்சொல் கிளைக்க வேண்டும். மாத்திரை அட்டையில் அச்சிடுவது ஈட்டெண். பழுது தெரிந்தால் அந்த ஈட்டை மட்டும் சந்தையிலிருந்து திரும்பப் பெற அதுவே உதவுகிறது. ஒருமுறைக்கு எத்தனை செய்வது என்பது ஈட்டளவு. இயந்திரத்தை ஆயத்தப்படுத்தும் செலவையும் சரக்கை இருப்பில் வைக்கும் செலவையும் எடைபோட்டு அதைக் கணிக்கும் வாய்பாட்டை அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்ட் ஹாரிஸ் 1913இல் வெளியிட்டார். அதன்படி தேவை நான்கு மடங்கானாலும் ஈட்டளவு இரு மடங்கே ஆகும். அதே ஆண்டில்தான் ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் கார் ஆலையில் நகரும் பொருத்துவரிசை வந்தது. அங்கே ஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அது திரள் உற்பத்தி. அளவெடுத்து ஒருவருக்கென்றே தைப்பது தனிப்பணி உற்பத்தி, சிமெண்ட் சூளைபோல் இடைவிடாது ஓடுவது தொடர் உற்பத்தி. இம்மூன்றிலும் எனக்கு மறுப்பில்லை.

பட்டியலில் தனியாள் வணிகம், கூட்டாண்மை, நிறுமம் (கம்பெனி) ஆகிய உடைமை வகைகளுக்குக் கீழேயே உற்பத்தி முறைகளையும் அடுக்கியிருப்பது பொருந்தவில்லை. தெருமுனை அடுமனையும் ஈடு ஈடாகத்தான் சுடுகிறது, ஆயிரக்கணக்கில் பங்குதாரர் உள்ள மருந்து நிறுமமும் ஈடு ஈடாகத்தான் மாத்திரை செய்கிறது. உற்பத்தி முறைகளைத் தனித் தலைப்பாகப் பிரிக்க வேண்டும்.

ஒரு சொல் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஓர் ஈடு முடிந்து அடுத்ததற்காக இயந்திரத்தைக் கழுவி, அச்சை மாற்றி, அளவு சரிபார்க்கும் நேரத்தைப் பட்டறைகளில் 'செட்டிங்' என்கிறார்கள். 'ஆயத்த நேரம்' போதுமா, 'ஈட்டிடை நேரம்' எனலாமா என்று பட்டறை அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.