மறு: மேட்ச்மேக்கிங்குக்கு ‘பொருத்தச் சந்திப்பு’ சரிவருமா?

> கிராஸ்-பார்டர் நெட்வொர்க்கிங் = எல்லை தாண்டிய வலையமைப்பு. இதையே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. நாம் தமிழாக்குவது, எல்லைக்கு இருபுறமும் உள்ள சிறு ஃபேஷன் நிறுவனங்களைச் சேர்த்துவைக்கிற திட்டங்களைப் பற்றிய கையேடு. அதில் ‘எல்லை தாண்டிய’ என்று போட்டால் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் மீனவர் கைதுதான் முதலில் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் பயங்கரவாதம். ‘வலையமைப்பு’ என்றாலோ கணினியும் கம்பியும். இரண்டையும் ஒட்டவைத்தால், நாலு தையல் மெஷின் போட்டுத் தொழில் நடத்துகிறவருக்கு அதில் தனக்கு என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கையேடு பேசுவது ஸ்பெயினின் கலீசியாவையும் போர்ச்சுகலின் வடபகுதியையும் பற்றி. நடுவில் மின்யோ ஆறு, வடகரையில் துய், தென்கரையில் வலென்சா. ஸாரா உடுப்புக் கடைகளின் தாய் நிறுவனமான இன்டிடெக்ஸ் இருப்பது கலீசியாவில்தான் (முதல் ஸாரா கடை 1975இல் ஆ கொருன்யாவில்). ஆற்றுக்குத் தெற்கே கிமராய்ன்ஸ், ஃபமலிக்காவ் பக்கம் நெசவு, பின்னல், சாயம், தையல் என்று எல்லா வேலையும் நடக்கிறது. பெரிய நிறுவனம் தனக்கு வேண்டிய ஆலையைத் தானே தேடிக்கொள்ளும். ஐந்தாறு பேரோடு ஓடுகிற வடிவமைப்பு நிறுவனத்துக்கு அது முடியாது, அதற்குத்தான் இந்த மாதிரித் திட்டங்கள். வட்டாரங்களுக்கு இடையிலான ஒத்துழைப்புக்காக ஐரோப்பிய ஒன்றியம் 1990இல் தொடங்கிய இன்டர்ரெக் நிதியில், எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு ஒரு பிரிவும் பல நாடுகள் அடங்கிய பெரிய வட்டாரங்களுக்கு வேறு பிரிவும் உண்டு. ஆகவே முதலாவது ‘எல்லையோர ஒத்துழைப்பு’, அடுத்தது ‘பன்னாட்டு ஒத்துழைப்பு’. நெட்வொர்க்கிங்குக்கு ‘தொடர்பு வளர்த்தல்’ போதும்.

> மேட்ச்மேக்கிங் = வணிகத் தரகு

தரகு என்றாலே கமிஷன். திருப்பூரில், வெளிநாட்டுக்காரருக்காகச் சரக்கு பிடித்துக்கொடுக்கிற பையிங் ஏஜென்ட் செய்வது அது. இங்கே நடப்பது வேறு: சிறு நிறுவனங்களுக்கு உதவ 2008இல் ஐரோப்பிய ஆணையம் தொடங்கிய என்டர்பிரைஸ் யூரோப் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் கண்காட்சியை ஒட்டிச் சந்திப்புகளை ஏற்பாடு செய்யும், இரு தரப்பும் முன்கூட்டியே விவரம் பதிந்து, யாரை யார் பார்ப்பது என்று தேர்ந்து, குறித்த நேரத்துக்கு மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். ஆர்டர் பேசி முடிப்பது அவர்கள் பாடு.

அதனால்தான் ‘பொருத்தச் சந்திப்பு’ என்கிறேன். கல்யாண வாசனை அடிக்கிறது என்று இங்கே ஒருவர் சிரித்திருந்தார். அடிக்கட்டுமே, சொன்னதும் புரிகிறதல்லவா? பொருத்தம் பார்ப்பதும் நிஜம்தான்: குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை பீஸ், சாம்பிளுக்கு எத்தனை நாள், துணி யார் வாங்குவது, பணம் எப்போது. 80 பீஸ் கேட்கிறவரை, 1,000 பீஸுக்குக் குறைந்து தையல் லைனில் ஏற்றாத ஆலைக்காரரோடு உட்காரவைத்தால் இருவருக்கும் நேரம்தான் வீண்.

> டிரெய்னிங், கோச்சிங் இரண்டுக்கும் ‘பயிற்சி’ என்றே போடலாம்

கையேட்டில் இரண்டும் ஒரே பத்தியில் வருகிறதே, அப்புறம் என்ன செய்வது? துணி எந்த இழையால் ஆனது என்று சொல்லும் லேபிள் பற்றிய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் (எண் 1007/2011) ஓர் எடுத்துக்காட்டு. எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாட்டு மொழியில் லேபிள் இருக்க வேண்டும், போர்ச்சுகலில் தைத்த சட்டை ஸ்பெயின் கடைக்குப் போனால் ஸ்பானிஷில். இதை முப்பது பேரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம், அது பயிற்சி. உங்கள் செலவுக் கணக்கை விரித்துவைத்து, எந்த உடுப்பில் நஷ்டம் என்று ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டுவது ‘தனி வழிகாட்டல்’.

குறு, சிறு என்ற சொற்களுக்கு மட்டும் அடிக்குறிப்பு கட்டாயம். இந்தியாவில் முதலீடும் விற்றுமுதலும்தான் அளவுகோல். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆள் கணக்கும் சேரும், 10 பேருக்குக் கீழே குறு, 50 பேருக்குக் கீழே சிறு.

ஃபேஷனை ஃபேஷன் என்றே விடுவோம், ‘நவநாகரிகம்’ பழைய ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. மாற்றுச்சொல் வைத்திருப்பவர்கள் சொல்லை மட்டும் அனுப்பாமல், கையேட்டிலிருந்து ஒரு வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள்.