ஹார்ட்நாட் கணவாயில் பைக் ஓட்டியவர்கள் உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்குத் தனியாகக் கிளம்பி, இப்போது வழியில் ஹாஸ் ஊரில் தங்கியிருக்கிறேன். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, பின்னால் இரண்டு பைகள். இன்று ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து பட்டர்டப்ஸ் கணவாயைத் தாண்டும்போது, ஆடுமாடுகள் தாண்டாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே பதித்திருந்த ஈரக் கம்பிகளில் பின்சக்கரம் வழுக்கியது. ஓரமாக நின்ற ஆடு அசையக்கூட இல்லை; எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

நாளை மறுநாள் ஆம்பிள்சைட் ஊர், ரைனோஸ், ஹார்ட்நாட் கணவாய்கள் வழியாக எஸ்க்டேல் பள்ளத்தாக்குக்குப் போக ஆசை. ஹார்ட்நாட்டில் சில இடங்களில் மூன்றடிக்கு ஓரடி சரிவு. ஒரு வண்டி போகும் அகலம்தான். மழையில் இந்தச் சுமையோடு முதல் கியரிலேயே இறங்கிவிடலாமா? கொண்டை ஊசி வளைவில் எதிரே கார் வந்தால் எங்கே ஒதுங்குவது? அப்புறம், ஆம்பிள்சைடிலேயே டேங்கை நிரப்பிவிடவா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.