அகின்ஃபென்வாவை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நியூ மால்டன், லண்டன்

வணக்கம். போன வாரம் அலமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு பழைய டிக்கெட் கிடைத்தது. 2015 ஜனவரி 5, திங்கள் இரவு. கிங்ஸ்மெடோ மைதானம். ஏ.எஃப்.சி. விம்பிள்டனும் லிவர்பூலும் மோதிய ஆட்டம், இங்கிலாந்தின் ஃபுட்பால் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாவது சுற்று. ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத மைதானம் அது. அந்த டிக்கெட் எனக்குக் கிடைத்ததே பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் காய்ச்சல் வந்ததால்தான். பாவம், விம்பிள்டன் கிளப் மில்டன் கீன்சுக்குப் போவது என்று முடிவானபோது, 2002இல் ரசிகர்களே சேர்ந்து புதுக் கிளப் தொடங்கினார்களே, அன்றிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் போனவர் அவர்.

எங்கள் வீட்டில் தமையன், மகன், நான் மூவரும் லிவர்பூல். அன்றைக்கு விம்பிள்டன்காரர்கள் நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் முதல் கோல் போட்டபோது கைதட்டக்கூட முடியவில்லை. பிறகு ஒரு கார்னர். கோல் வாசலில் தள்ளுமுள்ளு, பந்து அங்கும் இங்கும் பட்டு விழ, விம்பிள்டன் ஸ்ட்ரைக்கர் அகின்ஃபென்வா, அந்த மலை போன்ற மனிதர், காலை நீட்டி உள்ளே தள்ளினார். 1-1. என்னை அறியாமல் நானும் குதித்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால் கோல் போட்டவரும் லிவர்பூல் ரசிகர்தான். கடைசியில் ஜெரார்டின் ஃப்ரீகிக்கால் 2-1 என்று லிவர்பூல் வென்றது. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பெரிய சந்தோஷமும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டம் முடிந்து வெளியே பிள்ளைகள் கூட்டமாக நிற்க, அவர் ஒவ்வொருவருக்கும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் மகனுக்கு அப்போது 8 வயது. கை குலுக்கிவிட்டு வந்து, "அப்பா, என் கை முழுக்க உள்ளே போயிட்டுது" என்றான். இரண்டு நாள் அதையே கதைத்துக்கொண்டு திரிந்தான்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். கீழ்ப் பிரிவுகளில் ஊர் ஊராகச் சுற்றிய வேறு ஸ்ட்ரைக்கர்களைப் பற்றியும் எழுதலாம்.

*

சென்னை

நேரில் பார்த்ததில்லை அண்ணா, டிவியில் பார்த்ததே குறைவு. ஆனால் ஹாஸ்டலில் ஃபிஃபா வீடியோ கேம் விளையாடிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். வேகம் சுத்தமாகக் கிடையாது, உடல் பலத்தில் மட்டும் கேமிலேயே முதல் இடம். பந்தை அவருக்குக் கொடுத்து ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், உலகத்தரமான டிஃபெண்டர்கள் எல்லாம் வாழைத்தார் மாதிரி சரிவார்கள். எங்கள் அறையில் ஒரு விதி இருந்தது: தோற்றுக்கொண்டிருப்பவன் மட்டும்தான் அகின்ஃபென்வாவை இறக்கலாம்.

ரொம்ப நாள் அவரை ஒரு ஜோக்காகத்தான் நினைத்திருந்தேன். அப்புறம்தான் லித்துவேனியா கதையைப் படித்தேன். வாட்ஃபோர்டின் இளையோர் அணியில் இருந்த லண்டன் பையன், இங்கிலாந்தில் இடம் கிடைக்காமல், ஏஜென்ட்டின் தொடர்பு வழியாக கிளாய்பெடா என்ற துறைமுக ஊரில் அட்லான்டஸ் கிளப்புக்குப் போகிறார். வருடம் 2001. வயது பத்தொன்பதுகூட ஆகவில்லை. ஊரில் கறுப்பினத்தவர் என்று யாருமே இல்லாத மாதிரி இருந்ததாம். எதிரணி ஆட்கள் திட்டினால்கூடப் பரவாயில்லை, சொந்த அணியின் ரசிகர்களே இனவெறிக் கோஷம் போட்டிருக்கிறார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தவர் அண்ணனிடம் பேசிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அந்த வருடம் லித்துவேனியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெயிக்க வைத்த கோலை அவர்தான் போட்டார்.

நான் பத்தொன்பது வயதில் மெஸ் சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

*

முன்பு ஸ்வான்சி, இப்போது கோயம்புத்தூர்

2005 செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க ஸ்வான்சியில் இறங்கினேன். லிபர்ட்டி மைதானம் அப்போதுதான் திறந்திருந்தார்கள். அந்த மைதானத்தின் முதல் லீக் ஆட்டம் ஆகஸ்ட்டில், டிரான்மியருக்கு எதிராக, 1-0. அந்த ஒரு கோல் அப்போது ஸ்வான்சிக்கு ஆடிய அகின்ஃபென்வாவுடையது. நான் ஒரு மாதம் தாமதமாக வந்துவிட்டேன். அதை இன்றுவரை சொல்லிக் குறைபட்டுக்கொள்கிறேன், யாரும் கண்டுகொள்வதில்லை.

அங்கே எல்லோருக்கும் இன்னொரு ஸ்ட்ரைக்கர் லீ டிரண்டில்தான் செல்லம், பந்தை வைத்து வித்தை காட்டுவார். அகின்ஃபென்வா முதுகை டிஃபெண்டர் மேல் சாய்த்து, பந்தை நெஞ்சில் வாங்கி, டிரண்டிலுக்கு இடம் உண்டாக்கிக் கொடுப்பார். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் சாய்ந்து நிற்பது சும்மா வேலை இல்லை. 90 நிமிடமும் இரண்டு பேர் அவர் முதுகில் முழங்கையை வைத்து அழுத்துவார்கள். அவர் லேசாகத் திரும்பினால் அவர்கள் விழுவார்கள், ரெஃப்ரி விசிலை ஊதுவார். பெரிய உடம்புக்காரன் அடி வாங்கினால் அது ஃபவுல் இல்லை என்று ரெஃப்ரிகளுக்குத் தனியாகப் பாடம் எடுப்பார்கள் போல.

2006 ஏப்ரலில் ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதியாட்டம், கார்டிஃப் மில்லேனியம் மைதானம். மெஸ் நண்பர்கள் நான்கு பேர் ரயிலேறிப் போனோம். ஸ்வான்சி 2, கார்லைல் 1. வெற்றி கோல் அவருடையது. ஏறக்குறைய எட்டு வாரம் கழித்து அதே மைதானத்தில் பார்ன்ஸ்லியோடு ப்ளே-ஆஃப் இறுதி, ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போகலாம். 2-2, பெனால்டிக்குப் போனது. தவறவிட்ட இரண்டு பேரில் அவர் ஒருவர். அன்றைக்கு நான் டிக்கெட் வாங்கவில்லை, பரீட்சை. அறையில் ரேடியோவில் கேட்டேன்.

அடுத்த சீசன் கால் முறிந்தது. பிறகு மில்வாலுக்குப் போய்ச் சில ஆட்டங்கள், ஒரு கோலும் இல்லை. 2008இல் நார்தாம்ப்டன் எடுத்தார்கள். அத்தோடு நானும் ஊருக்கு வந்துவிட்டேன்.

*

போர்ட்ஸ்மத்

அகின்ஃபென்வாவுக்கு வீடியோ கேம் இருந்தது, துணிக் கம்பெனி இருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஸ்டீவ் கிளாரிட்ஜுக்கு இருந்ததெல்லாம் கணுக்காலுக்கு இறங்கிய காலுறை. சட்டை வெளியே தொங்கும். பக்கத்துத் தெருவில் சைக்கிள் ரிப்பேர் செய்பவர் மாதிரி இருப்பார். அவர் லெஸ்டருக்காக 1996இல் வெம்பிளியில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக, எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நிமிடத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டு உள்ளே போன ஒரு கோலால் கிளப்பையே பிரீமியர் லீகுக்குக் கூட்டிப் போனார். அடுத்த வருடம் லீக் கோப்பை இறுதியின் மறு ஆட்டத்திலும் அவர்தான்.

நான் அவரைப் பார்த்தது போர்ட்ஸ்மத்தில் ஆடிய கடைசி வருடங்களில். அதன் பிறகு மில்வால், பிரைட்டன், பிரென்ட்ஃபோர்ட், விக்கம், ஜில்லிங்ஹாம், பிராட்ஃபோர்ட், வால்சால் என்று சுற்றினார். கணக்குப் பார்த்தால் 999 ஆட்டத்தில் வந்து நின்றுவிட்டது. 2006 டிசம்பரில், 40 வயதில், தொடங்கிய கிளப்புகளில் ஒன்றான போர்ன்மத் கூப்பிட்டு ஒரே ஒரு ஆட்டம் கொடுத்தது. போர்ட் வேலிடம் 4-0 தோல்வி. ஆனால் எண்ணிக்கை ஆயிரம். எனக்கு அகின்ஃபென்வா கதைகளைவிட இதுதான் பிடிக்கும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*

நியூ மால்டன், லண்டன்

தப்பாக ஏன் எடுக்க வேண்டும், 999 கதை எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் வீடியோ கேம் இருந்தது என்று சொன்னீர்களே, அந்தப் புகழ் வேறு, பிழைப்பு வேறு. இந்தக் கீழ்ப் பிரிவு ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. ஜூன் 30இல் முடியும். மே மாதம் கிளப் ஒரு பட்டியல் வெளியிடும்: இவர்கள் இருக்கிறார்கள், இவர்கள் போகிறார்கள். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளி, எல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். 2003இல் அகின்ஃபென்வா வேல்ஸில் பாரி டவுன் கிளப்பில் இருந்தார். அது கடனில் மூழ்கி ஆட்களை அனுப்பிவிட்டது. பிறகு 2003–04 என்ற ஒரே சீசனில் பாஸ்டன், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன், டான்காஸ்டர் என்று நான்கு இடம் மாறினார். பிறகு டார்க்கீ. அங்கே நன்றாக ஆடியதால்தான் ஸ்வான்சி. ஜில்லிங்ஹாமுக்கு இரண்டு முறை, நார்தாம்ப்டனுக்கு இரண்டு முறை போயிருக்கிறார். அனுப்பியவர்களே மறுபடியும் கூப்பிடுவதும், கூப்பிட்டால் கோபப்படாமல் போவதும் இந்தத் தொழிலில் சாதாரணம் என்று நினைக்கிறேன். நம் ஆட்களில் ஒருவரை அப்படி அனுப்பியிருந்தால் கல்யாண வீட்டில்கூடப் பேசமாட்டார்.

2016 மே 30 கதைக்கு வருகிறேன். நான்காம் படியான லீக் டூவின் ப்ளே-ஆஃப் இறுதி, வெம்பிளி, எதிரே பிளிமத். பக்கத்து வீட்டுக் கிழவர், நான், மகன். 78ஆவது நிமிடத்தில் லைல் டெய்லர் கோல். அதற்குச் சற்று முன்தான் அகின்ஃபென்வா சப்ஸ்டிட்யூட்டாக இறங்கியிருந்தார். இடையில் நீண்ட நேரம் ஆட்டம் நின்றதால் கூடுதல் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டி ஓடியது. அப்போது ஒரு பெனால்டி. அடிக்க வேண்டியவர் கேலம் கென்னடி. ஆனால் பந்து அகின்ஃபென்வா கையில். தூரத்திலிருந்து எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை, கைகளை மட்டும் பார்த்தோம். பஸ்ஸில் சீட் பிடித்தவனிடம் எழுந்திரு என்று சொல்வது போல இருந்தது. கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டு "ஐயோ வேண்டாம்" என்கிறார். அவர் அடித்தார், உள்ளே போனது. 2-0. ரசிகர்கள் தொடங்கிய கிளப், 14 வருடத்தில் ஒன்பதாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு வந்துவிட்டது.

அதே புல்லில் நின்றுகொண்டு டிவிக்காரரிடம் அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும்: கணக்குப்படி பார்த்தால் நான் இப்போது வேலையில்லாதவன், மேனேஜர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளுங்கள், வேலை கொடுங்கள். நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். விம்பிள்டனில் அவரது ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கிளப்பை மேலே ஏற்றிவிட்ட கோலைப் போட்ட அன்றே அவருக்கு அங்கே இடம் இல்லை. வயது 34, எடை 100 கிலோவுக்கு மேல். யார் எடுப்பார்கள் என்று கிழவர் கேட்டார்.

*

ஹை விக்கம்

நாங்கள் எடுத்தோம்!

நான் ஐ.டி. கான்ட்ராக்ட் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்களா என்று மெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிழைப்பு. அதனால் அந்த வாட்ஸ்அப் பேட்டி என்னைக் கொஞ்சம் வேறு மாதிரி தாக்கியது. அப்போது விக்கம் மேனேஜராக இருந்த கேரத் ஐன்ஸ்வர்த்தும் ஆட்டக்காரராகப் பல ஊர் சுற்றியவர்தான், அதனால் அவருக்கு விளங்கியிருக்கும்.

ஆடம்ஸ் பார்க்குக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு தொழிற்பேட்டைச் சாலையின் கடைசியில் மைதானம். போக வர ஒரே வழி. ஊர் நாற்காலி செய்த ஊர் என்பதால் அணிக்குப் பட்டப்பெயரும் நாற்காலிப் பையன்கள். ஆட்டம் முடிந்தால் காரை எடுத்து வெளியே வர முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நான் அவரை நேரில் பார்த்தேன். மேலே கோட் போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்த ஒரு சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் கார்க் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல நினைத்தேன், பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அவ்வளவுதான் என் சந்திப்பு.

2017–18இல், 35 வயதில், லீக்கில் மட்டும் 17 கோல். மூன்றாம் படியான லீக் ஒன்னுக்குப் போனோம். 2020இல் கொரோனாவால் லீக் பாதியில் நின்றது. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டதில் எட்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தாவினோம். மற்ற ஊர்க்காரர்கள் இன்னும் திட்டுகிறார்கள், திட்டட்டும். ஜூலை 13, ஆளில்லாத வெம்பிளி, ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிராக 2-1, ஜோ ஜேக்கப்சனின் பெனால்டி. 1887இல் தொடங்கிய கிளப் முதல்முறையாக இரண்டாம் படிக்குப் போனது. இந்த முறை மைக்கைப் பிடித்து, என்னை வாட்ஸ்அப்பில் கூப்பிட இப்போது க்ளோப் ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி, சேர்ந்து கொண்டாடலாம் என்றார். க்ளோப் மேனேஜராக இருந்த லிவர்பூல் அப்போதுதான் லீக் ஜெயித்திருந்தது. க்ளோப் நிஜமாகவே வீடியோ அனுப்பினார். அதைப் பார்த்து அவர் துள்ளிய வீடியோவை என் மனைவி எனக்குக் காட்டினாள், அவளுக்கு ஃபுட்பால் என்றாலே ஆகாது.

அடுத்த வருடம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் மறுபடியும் கீழே இறங்கினோம். 2022 மே 21 அன்று மறுபடியும் ப்ளே-ஆஃப் இறுதி, வெம்பிளி, சண்டர்லாண்டிடம் 2-0 தோல்வி. மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள். அவர் 40 வயதில் கடைசியாக இறங்கினார். எங்கள் பக்கம் கோல் வரவில்லை என்றாலும் யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை.

நியூ மால்டன் அண்ணா, மகன் கை குலுக்கிய படம் இருந்தால் போடுங்கள்.

*

நியூ மால்டன், லண்டன்

படம் எடுத்தது நான்தான், அதுதான் பிரச்சினை. அவ்வளவு பெரிய ஆளையும் அவ்வளவு சின்னப் பிள்ளையையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கத் தெரியவில்லை. மகனின் நெற்றியும் ஒரு கண்ணும் இருக்கிறது, மீதி எல்லாம் நீலக் கலரில் ஒரு தோள்பட்டை. மகனிடம் கேட்டேன், அதைப் போட்டால் என்னோடு பேசமாட்டானாம்.