பின்கட்டு வரை வைஃபை எட்டுவதற்கு என்ன வழி?

கேள்வி:

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீடு பழைய காலத்துக் கட்டு வீடு. திண்ணையிலிருந்து கொல்லை வரை ஏறத்தாழ 90 அடி நீளம், நடுவில் முற்றம், கட்டுக்குக் கட்டு ஒன்றரை அடி கனத்தில் செங்கல், சுண்ணாம்புச் சுவர். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுத்திருக்கிறோம். இணைப்புக் கொடுக்க வந்தவர் ரேழியில் இருக்கும் இரும்பு பீரோவை ஒட்டி மோடத்தை வைத்துவிட்டுப் போனார். கூடத்தில் குறையில்லை. என் மகள் படிக்கும் பின்கட்டு அறையில் 3 எம்பிபிஎஸ் கூடத் தேறுவதில்லை. இணையவழி வகுப்பில் ஆசிரியரின் குரல் பாதியில் அறுந்துபோகிறது. கடையில், வைஃபை அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். பரணில் பழைய ரவுட்டர் ஒன்று கிடக்கிறது, அது உதவுமா?

மறுமொழி 1:

ரிப்பீட்டருக்குச் செலவு செய்ய வேண்டாம். வாங்குவதையும் அனுப்புவதையும் ஒரே அலைவரிசையில் செய்யும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். அதற்கு வந்து சேரும் அலையே நலிந்திருந்தால் அந்தப் பாதியும் நிலைக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் ஒன்றைக் கடப்பதற்குள் பெரும்பகுதி வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைவிடத் தூரம் போகும். முதலில் மோடத்தைப் பீரோவிடமிருந்து விலக்கி, ஆள் உயரத்தில் வையுங்கள். இரும்பு அலையைத் தடுத்துத் திருப்பிவிடும்.

நிலையான தீர்வு கம்பிதான். மோடத்தின் பின்புறம் 'லேன்' (LAN) என்று எழுதிய துளையிலிருந்து பின்கட்டு வரை கேட்-6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டரின் லேன் துளையில் செருகுங்கள். 'இன்டர்நெட்' என்று எழுதிய துளையில் வேண்டாம். 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும் என்பதால் 90 அடி ஒரு பொருட்டே இல்லை. மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால் ரவுட்டருக்கு 192.168.1.2 என்று கொடுத்து, அதில் டிஎச்சிபியை (DHCP, இணையும் கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் எனும் அலைத்தட எண் மட்டும் ஒன்றில் 1, மற்றதில் 11.

மறுமொழி 2:

அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். மின்கம்பியோடு ஒரே குழாயில் விட வேண்டாம். மழைக்காலத்து இடியை நினைத்து, திறந்த மொட்டைமாடி வழியாகவும் கொண்டுபோக வேண்டாம். மின்வெட்டின்போது வகுப்பு நிற்காமலிருக்க இரண்டு கருவிகளும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்க வேண்டும்.

கேட்டவர்:

தாழ்வாரத்தின் ஓட்டுக்கு அடியிலேயே கேபிளை இழுத்துவிட்டோம். முதல் நாள் கைபேசி வைஃபையில் சேர்ந்தும் இணையம் வரவில்லை. டிஎச்சிபியை அணைக்க மறந்ததால், பழைய ரவுட்டர் தன்னையே இணையத்துக்கான வாசலாகக் காட்டிக் கைபேசிக்கு முகவரி கொடுத்திருக்கிறது. அணைத்ததும் சரியாயிற்று. இப்போது மகளின் மேசையருகே 40 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. மிக்க நன்றி. ஒரே ஒரு குறை: கூடத்திலிருந்து பின்கட்டுக்கு நடந்து போனாலும் கைபேசி ரேழி மோடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறுமொழி 1:

எப்போது மாறுவது என்பதைக் கைபேசிதான் முடிவு செய்கிறது. பிடித்த அலை மிகவும் தேயும் வரை பல கைபேசிகள் விடுவதில்லை. மோடத்தின் அமைப்பில் அலையின் வலுவைக் குறைக்கும் வசதி இருந்தால் ஒரு படி குறைத்துப் பாருங்கள். கூடத்துக்கு அதுவே போதும். இல்லையென்றால், பின்கட்டுக்கு வந்ததும் கைபேசியில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் அருகிலுள்ளதில் சேர்ந்துகொள்ளும்.