கரையிலிருந்து ட்ரவுட்: சினை இரையோடு தொடங்குபவர்களுக்கு

புதிதாகக் குடியேறிய ஒருவர் சென்ற வாரம் இந்த இழையில் கேட்டிருந்தார்: "வீட்டுக்குப் பக்கத்தில் ஏரி இருக்கிறது. ட்ரவுட் உண்டு என்கிறார்கள். படகு கிடையாது, தூண்டில் பிடித்த பழக்கமும் கிடையாது. எதில் தொடங்குவது?"

ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். அதற்கு இரையாக மீன் சினையை வைத்துத் தொடங்குங்கள். செயற்கைப் பூச்சியை வீசப் பழகுவதற்கு ஒரு பருவமே போய்விடும். சினையைக் கோக்க ஒரு காலைப்பொழுது போதும், கரையும் போதும். ஆனால் கம்பை எடுப்பதற்கு முன் சட்டத்தைப் படித்துவிடுங்கள். புதிதாக வந்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

உரிமம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட 13 வயதிலிருந்தே உரிமம் வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலும் தேர்வு எழுதித் தேறிய பிறகுதான் உரிமம் கிடைக்கும். வட அமெரிக்காவில் உள்ளூர்வாசிக்கு ஒரு கட்டணம், வெளியூராருக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம். நீங்கள் வந்து எத்தனை மாதமானால் உள்ளூர்வாசி என்று கொள்வார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் தவறாக எழுதிக் கொடுத்தால் அது பொய்த் தகவல் ஆகிவிடும்.

உரிமம் இருந்தால் மட்டும் போதாது, இரைக்கும் விதி உண்டு. என் இரண்டாவது ஆண்டில் ஒரு ஓடையில் சினையோடு நின்றிருந்தேன். உரிமம் சட்டைப் பையில் இருந்தது. ரோந்து வந்த அதிகாரி உரிமத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். பாலத்துக்கு மேற்புறம் இயற்கை இரைக்குத் தடை, செயற்கை இரை மட்டுமே அனுமதி. பலகை எதிர்க்கரையில் இருந்தது. அபராதம் கட்டினேன். ஒரே ஓடையில் பாலத்துக்கு மேலே ஒரு விதி, கீழே வேறு விதி இருக்கலாம். விதிப் புத்தகத்தில் உங்கள் நீர்நிலையின் பெயரைத் தேடி, அதன் கீழே உள்ள வரிகளை முழுவதும் படியுங்கள்.

சினைக்கென்றே தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு, அதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள பேரேரிகளில் 2005இல் வி.எச்.எஸ். என்ற மீன் வைரஸ் உறுதி செய்யப்பட்டது. அது மீனின் சிறுநீரிலும் இனப்பெருக்கத் திரவங்களிலும் கலந்து பரவுகிறது. ஒரு ஏரியின் மீனிலிருந்து எடுத்த சினையை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோவது நோயைச் சுமந்து போவதாக ஆகலாம். அதனால்தான் சில இடங்களில் சினையை அறவே தடை செய்திருக்கிறார்கள், சில இடங்களில் பதப்படுத்தி விற்பதை மட்டும் அனுமதிக்கிறார்கள். மீந்த சினையைத் தண்ணீரில் கொட்டாதீர்கள். கட்டி எடுத்துவந்து குப்பையில் போடுங்கள்.

இனி மீன். ட்ரவுட்டுக்குச் சினை புதிய உணவு அல்ல. இலையுதிர் காலத்தில் சால்மனும் பழுப்பு ட்ரவுட்டும், பெரும்பாலும் வசந்தத்தில் வானவில் ட்ரவுட்டும் கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடும். புதையாமல் தப்பும் முட்டைகள் நீரோட்டத்தில் உருண்டு வரும். அவற்றைத் தின்னக் கீழே மற்ற ட்ரவுட்டுகள் காத்து நிற்கும். நாம் செய்வது அந்த உருளும் முட்டையைப் போலக் காட்டுவதுதான். (ஓடைப்படுகையில் சுற்றியுள்ள கற்களைவிடப் பளிச்சென்று சுத்தமாக ஒரு வட்டம் தெரிந்தால் அது முட்டைக்குழி. அதன்மேல் கால் வைக்காதீர்கள், அங்கே தூண்டிலும் போடாதீர்கள்.)

தண்ணீர் சுமார் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது ட்ரவுட் நன்றாக இரை தேடும். கோடையில் மேல்நீர் சூடேறியதும் ஏரியின் ஆழத்துக்குப் போய்விடும், கரையில் நிற்பவருக்கு எட்டாது. 20 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறைந்து அது தவிக்கத் தொடங்கும்; அந்த நாட்களில் அதை விட்டுவிடுவது நல்லது. கரையில் நிற்பவருக்கான காலம் வசந்தமும் இலையுதிர் காலமும், விடியலும் அந்தியும்.

புதியவர்கள் எல்லாரும் ஏரியின் நடுவை நோக்கி வீசுகிறார்கள். விடியற்காலையில் மீன் உங்கள் காலடியிலிருந்து ஐந்தாறு மீட்டரில் சுற்றிக்கொண்டிருக்கும். விளிம்புக்கு இறங்காமல் சற்றுப் பின்னால் நின்று, முதல் வீச்சைக் கரையோரமாகவே போடுங்கள். ஓடை வந்து ஏரியில் கலக்கும் வாய், திடீரென்று ஆழமாகும் இடம், காற்று வந்து மோதும் கரை, இம்மூன்றையும் முதலில் பாருங்கள். தடதடவென்று நடந்து வந்தால் அதிர்வு தண்ணீருக்குள் போய்விடும்.

சாதனம் எளியது. இரண்டு மீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பு, சின்ன ரீல், 4 முதல் 6 பவுண்டு தாங்கும் நரம்பு (தூண்டில் நூல்). ஏரியில், நடுவில் துளையுள்ள ஈயக்குண்டை நரம்பில் கோத்து, அதன் கீழே ஒரு சுழல் வளையம் கட்டி, அங்கிருந்து அரை மீட்டர் மெல்லிய நரம்பை விட்டு முள்ளைக் கட்டுங்கள். மீன் இழுக்கும்போது நரம்பு குண்டின் துளை வழியே ஓடும், பாரம் அதற்குத் தெரியாது. ஒற்றை முட்டைக்கு 12 அல்லது 14ஆம் எண் முள், சினைப் பொட்டலத்துக்கு (கட்டும் விதம் கீழே) 8 அல்லது 10. முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறிதாகும். ஓடையில் குண்டு வேண்டாம். முள்ளுக்கு மேலே ஓரிரண்டு ஈயமணிகளைக் குறடால் நரம்பில் நெரித்துவைத்து, நீர் வரும் திசையில் சற்று மேலே வீசி, நீரின் வேகத்திலேயே உருளவிடுங்கள். மணிகள் கல்லில் தட்டித் தட்டிப் போவது விரல் நுனியில் தெரியும்.

சினைப் பொட்டலம் கட்டுவதை மட்டும் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் வலையில் ஏழெட்டு சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, நடுவில் ஐந்தாறு முட்டைகளை வையுங்கள். நான்கு மூலைகளையும் கூட்டி, முட்டை நசுங்காமல் மெதுவாக முறுக்கி, நீளும் நூலால் ஆறேழு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். மிச்ச வலையை ஒட்ட நறுக்கிவிடுங்கள். சரியாகக் கட்டியது விரல்களுக்கிடையே திராட்சைபோல இறுகி நிற்கும். ஏரியின் அடியில் பாசி இருந்தால் முட்டைகளோடு இரண்டு தெர்மோகோல் மணிகளையும் சேர்த்துக் கட்டுங்கள், பொட்டலம் பாசிக்கு மேலே மிதந்து நிற்கும்.

முள் குத்திய துளையிலிருந்து பால்போல ஒரு கசிவு வரும். மீனை இழுப்பது அந்த மணம்தான். கொஞ்ச நேரத்தில் சாறெல்லாம் போய் முட்டை வெளுத்து உள்ளீடற்றுத் தொங்கும். வெளுத்ததை மாற்றாமல் மணிக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் போய்ச் சொல்லத் தோன்றும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எனக்கு மிக முக்கியமான விஷயம் இது. சினையை ட்ரவுட் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் போய்விடும். அதனால் கம்பைத் தாங்கியில் வைத்துவிட்டு நகராதீர்கள். நரம்பு அசைந்ததும் உடனே இறுக்குங்கள். ஆழமாக மாட்டிக்கொண்ட மீனை விடுவதானால் முள்ளைப் பிடுங்காதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து, வாயருகே நரம்பை வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் செவுள் கிழியும். முள்ளோடு விட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பிடித்து விடுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் சினையே வேண்டாம், செயற்கை இரைக்கு மாறுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போவதற்கென்றால், அனுமதித்த எண்ணிக்கை ஆனதும் தூண்டிலைச் சுருட்டுங்கள்.

இரண்டு கேள்விகள் வந்திருக்கின்றன.

சினையை வீட்டில் பதப்படுத்தலாமா என்று ஒருவர். உங்கள் பகுதியில் அனுமதி இருந்தால் செய்யலாம். ஈரத்தைத் துடைத்து, போராக்ஸ் தூளைத் தூவிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் முட்டையின் தோல் இறுகும், முள்ளில் நிற்கும். போராக்ஸ் சேர்த்தது உண்பதற்கு உரியதல்ல. மூடியில் பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல், உணவோடு சேராமல் வையுங்கள்.

ஏழு வயது மகளைக் கூட்டிப்போகலாமா என்று ஒரு சகோதரி. தாராளமாக. ஆனால் கரையிலேயே உயிர்காப்பு அங்கியைப் போட்டுவிடுங்கள், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். வசந்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் பனி உருகியதுதான். 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் விழுந்ததும் மூச்சு தன்னால் இழுக்கும். முதல் ஒரு நிமிடம் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் திணறடித்துவிடும். மகளுக்குத் தக்கை கட்டிக் கொடுங்கள். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் விடுங்கள், முள்ளின் எதிர்முள்ளை (முனைக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீட்டியிருக்கும் சிறு கூரை) குறடால் நசுக்கிவிடுங்கள். பொட்டலத்தை அவளே கட்டட்டும், அந்தச் சின்ன விரல்களுக்கு அது நன்றாக வரும்.