டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டா ஹாஸ்டல்ல யாருக்குமே ஐபி வரல, எங்க பாக்கணும்?

லேப்அட்மின்:
வணக்கம் மக்களே. ஒரு காலேஜ் ஹாஸ்டல் நெட்வொர்க்க பாத்துக்கறேன். மாடிக்கு ஒரு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 48 போர்ட் ஸ்விட்ச், எல்லாம் ஃபைபர்ல கீழ சர்வர் ரூம் கோர் ஸ்விட்ச்சுக்கு வருது. டிஹெச்சிபி சர்வர் (மெஷினுங்களுக்கு ஐபி குடுக்கறது) வேற விலான்ல (ஸ்விட்ச்சுக்குள்ளயே தனியா பிரிச்ச நெட்வொர்க்) இருக்கு, கோர்ல ஹெல்பர் அட்ரஸ் (ரிக்வெஸ்ட்ட அந்த சர்வருக்கு தள்ளி விடற ரிலே) போட்டிருக்கு. பிரச்சனை என்னன்னா பசங்க சொந்தமா வைஃபை ரவுட்டர் வாங்கிட்டு வந்து வான் போர்ட்ல குத்த வேண்டிய கேபிள லான் போர்ட்ல குத்திடறானுங்க, உடனே அந்த டப்பா மாடி முழுக்க 192.168.0 சீரிஸ்ல ஐபி குடுக்க ஆரம்பிச்சிடுது, பாதி ரூமுக்கு நெட் கட், வார்டன் எனக்கு போன். இத நிறுத்தத்தான் ரெண்டாவது மாடி ஸ்விட்ச்ல விலான் 30க்கு ஸ்னூப்பிங் (டிரஸ்ட் இல்லாத போர்ட்லேர்ந்து வர்ற டிஹெச்சிபி பதில தடுக்கறது) போட்டேன், கோருக்கு போற அப்லிங்க்ல டிரஸ்ட்டும் குடுத்துட்டேன். ரவுட்டர் தொல்லை நின்னுச்சு, ஆனா ஒரிஜினல் சர்வர்லேர்ந்தும் யாருக்கும் ஐபி வரல, எல்லாருக்கும் 169.254தான் (சர்வர் பதில் வராதப்ப மெஷினே போட்டுக்கற ஐபி). ஸ்னூப்பிங்க எடுத்தா சரியாயிடுது. கோர்லயும் முன்னாடி இருந்தவங்க அதே விலானுக்கு ஸ்னூப்பிங் போட்டு வச்சிருக்காங்க, அது சம்பந்தமா இருக்குமா? இது முடிஞ்சதும் ஆர்ப் (இந்த ஐபி எந்த மேக், அதாவது எந்த நெட்வொர்க் கார்டு நம்பர்னு கேக்கற மெசேஜ்) இன்ஸ்பெக்‌ஷன், போர்ட் செக்யூரிட்டி (போர்ட்டுக்கு எத்தன மேக்னு வரம்பு), ஸ்டார்ம் கன்ட்ரோல் (பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு) எல்லாத்தையும் ஒரே ராத்திரில போட்டுடலாம்னு இருக்கேன்.

பழையரேக்:
இதுக்கு எதுக்கு ப்ரோ இவ்ளோ. எல்லா ஆக்சஸ் போர்ட்லயும் போர்ட்ஃபாஸ்ட் (போர்ட் உடனே ஆன் ஆக) குடுத்து பிபிடியூ கார்ட (லூப் கண்டுபிடிக்க ஸ்விட்ச்சுங்க அனுப்பற பிபிடியூ வந்தா போர்ட்ட மூடறது) போட்டு விடுங்க, எவனாச்சும் டப்பா சொருகினா போர்ட்டே படுத்துடும்.

கன்சோல்கேபிள்:
@பழையரேக் அது லூப்புக்கு ஜி. வீட்டு ரவுட்டருங்க பெரும்பாலும் பிபிடியூவே அனுப்பாது, பிபிடியூ வரலன்னா கார்டு எத பாத்து போர்ட்ட மூடும்? போட்டு வைக்கிறது நல்லதுதான், ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் செவுத்துல சொருகறவன் எல்லா ஹாஸ்டல்லயும் ஒருத்தன் இருப்பான், ஆனா இந்த கேஸுக்கு மருந்து அது இல்ல.

@லேப்அட்மின் சம்பந்தம் இருக்கு, உங்களோடது ஆப்ஷன் 82 பிரச்சனை. ஸ்னூப்பிங் ஆன் பண்ணதும் இந்த ஸ்விட்ச்சுங்க தானாவே கிளையன்ட்டோட ரிக்வெஸ்ட்ல ஆப்ஷன் 82ன்னு ஒரு தகவல சேத்து அனுப்பும், எந்த ஸ்விட்ச் எந்த போர்ட்லேர்ந்து வந்துச்சுன்னு. அந்த பாக்கெட் கோருக்கு போகுது, கோர்ல உங்க மாடிய பாத்த போர்ட் டிரஸ்ட் இல்ல, டிரஸ்ட் இல்லாத போர்ட்லேர்ந்து ஆப்ஷன் 82 ஒட்டிட்டு வர்றத கோர் ஸ்னூப்பிங் தூக்கி போட்டுடும். கோர்ல ஸ்னூப்பிங்க எடுத்துட்டாலும் தப்பிக்க முடியாது, ஏன்னா ரிலேவும் பாக்கும், ஆப்ஷன் 82 இருக்கு ஆனா ரிலே அட்ரஸ் இருக்க வேண்டிய ஜிஐ அட்ரஸ் ஃபீல்டு சைபரா இருக்கேன்னு சொல்லி அதுவும் டிராப் பண்ணும். ரெண்டுக்கும் ஒரே வைத்தியம், மாடி ஸ்விட்ச்ல குளோபல் மோட்ல "நோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்". போர்ட் வாரியா ஐபி குடுக்கற திட்டம் ஏதும் சர்வர்ல இல்லன்னா ஆப்ஷன் 82ஆல உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல, எடுத்துடுங்க. கோர்ல மாடி பக்கத்து போர்ட்ட டிரஸ்ட் பண்ணாலும் ஸ்னூப்பிங் விடும், ஆனா ரிலே பஞ்சாயத்து அப்படியே இருக்கும், அதனால அந்த வழி வேணாம்.

இன்னொன்னு, தூரத்துலேர்ந்து எஸ்எஸ்ஹெச்ல உக்காந்து பண்றீங்கன்னா முதல்ல கான்ஃபிக சேவ் பண்ணிட்டு "ரீலோட் இன் 10" அடிச்சிட்டு அப்புறம் கை வைங்க. வெளிய மாட்டிக்கிட்டீங்கன்னா பத்து நிமிஷத்துல ஸ்விட்ச் தானா பழைய கான்ஃபிக்ல எந்திரிக்கும். எல்லாம் சரியா இருந்தா "ரீலோட் கேன்சல்" அடிக்க மறக்கக்கூடாது, மறந்தா அன்னைக்கு வார்டன் போன் நியாயமான போன்.

ராத்திரிஷிஃப்ட்:
மேல சொன்னது சரி. நான் சொல்ல வந்தது அந்த "ஒரே ராத்திரில" பத்தி, தயவு செஞ்சு பண்ணாதீங்க. ஆர்ப் இன்ஸ்பெக்‌ஷன் தனியா ஒன்னும் யோசிக்காது, ஸ்னூப்பிங் சேத்து வச்ச பைண்டிங் டேபிள்ல இந்த மேக், இந்த ஐபி, இந்த போர்ட்னு என்ட்ரி இருக்கான்னு பாக்கும், இல்லன்னா ஆர்ப்ப டிராப் பண்ணும். நீங்க ஸ்னூப்பிங் போட்ட நிமிஷம் டேபிள் காலி. ஏற்கனவே ஐபி வாங்கி உக்காந்திருக்கறவன் எவனும் அதுல இல்ல, அவன் லீஸ் (ஐபிய வச்சிருக்க சர்வர் குடுத்த காலம்) ரினியூ பண்ணாத்தான் என்ட்ரி விழும், அதுவும் சாதாரணமா லீஸ் நேரத்துல பாதி தாண்டினப்புறம்தான். அதனால ஸ்னூப்பிங்க மட்டும் போட்டு ஒரு முழு லீஸ் காலம் ஓட விடுங்க, "ஷோ ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் பைண்டிங்" அடிச்சு பாருங்க, மாடில இருக்கற மெஷின் எல்லாம் வந்துச்சுன்னா இன்ஸ்பெக்‌ஷனுக்கு போங்க.

அப்பவும் ஸ்டாட்டிக் ஐபி போட்ட ஐட்டமெல்லாம் அடி வாங்கும். பயோமெட்ரிக் மெஷின், சிசிடிவி ரெக்கார்டர், வார்டன் ரூம் பிரின்டர், இதெல்லாம் டிஹெச்சிபியே கேக்காது, டேபிள்ல வரவே வராது. ஆர்ப் ஏசிஎல் (அனுமதி லிஸ்ட்) எழுதலாம், "ஐபி சோர்ஸ் பைண்டிங்"னு கையால என்ட்ரி போடலாம், ஆனா என் ஓட்டு இதெல்லாத்தையும் டிஹெச்சிபிக்கு மாத்தி சர்வர்ல ரிசர்வேஷன் (அந்த மேக்குக்கு எப்பவும் அதே ஐபி) குடுக்கறதுக்குத்தான். கையால எழுதின லிஸ்ட்ட உங்களுக்கு அப்புறம் வர்றவன் அப்டேட் பண்ண மாட்டான்.

அப்லிங்க்ல "ஐபி ஆர்ப் இன்ஸ்பெக்‌ஷன் டிரஸ்ட்" தனியா குடுக்கணும், ஸ்னூப்பிங் டிரஸ்ட் இதுக்கு செல்லாது. டிரஸ்ட் இல்லாத போர்ட்ல டீஃபால்ட்டா செகண்டுக்கு 15 ஆர்ப்தான் அனுமதி, எவனாவது நெட்வொர்க் ஸ்கேனர் ஓட்டினா போர்ட் எர்ர்-டிசேபிள் ஆயிடும், அதாவது ஸ்விட்ச்சே போர்ட்ட மூடிடும். அது ஒரு விதத்துல நல்லதுதான் 😄 அப்புறம் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆனா டேபிள் போயிடும், கரன்ட் போய் போய் வர்ற எடம்னா "ஐபி டிஹெச்சிபி ஸ்னூப்பிங் டேட்டாபேஸ்" குடுத்து ஒரு டிஎஃப்டிபி சர்வர்ல சேவ் ஆக விடுங்க, என்டிபியும் செட் பண்ணிடுங்க, மணி தப்பா இருந்தா லீஸ் கணக்கும் தப்பாயிடும்.

லேப்அட்மின்:
@கன்சோல்கேபிள் ஜி சூப்பர்!! அந்த ஒத்த லைன்தான், போட்ட உடனே ஐபி வந்துடுச்சு. கோர்ல டீபக் போட்டு பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே ஆப்ஷன் இருக்கு ஜிஐ அட்ரஸ் சைபர்னு லைன் லைனா வந்துட்டிருந்துச்சு. @ராத்திரிஷிஃப்ட் சரிண்ணா, இன்ஸ்பெக்‌ஷன தள்ளி வச்சிட்டேன். போர்ட் செக்யூரிட்டிக்கு மேக்சிமம் 1 போட்டு ஸ்டிக்கி (முதல்ல வந்த மேக்க கான்ஃபிக்லயே ஒட்டி வைக்கறது) குடுத்து வயலேஷன் ஷட்டவுன் வைக்கலாம்னு நெனச்சேன், ஓகேவா?

பழையரேக்:
ஷட்டவுன்தான் கரெக்ட். போர்ட் செத்தாத்தான் பையன் உங்க ரூமுக்கு வருவான், அப்பத்தான் எந்த ரூம்ல என்ன டப்பா இருக்குன்னு தெரியும்.

ராத்திரிஷிஃப்ட்:
லேப்ல ஓகே, ஹாஸ்டல்ல வேணாம் தம்பி. பசங்க லேப்டாப் மாத்துவாங்க, ஃபிரெண்டோடத சொருகுவாங்க, ஸ்டிக்கி போட்டா வாரா வாரம் மேக் அழிக்கறதே உங்க வேலையாயிடும். மேக்சிமம் 3, ஏஜிங் டைம் 10, டைப் இன்ஆக்டிவிட்டி (10 நிமிஷம் சும்மா இருந்த மேக்க ஸ்விட்ச் மறந்துடும்), வயலேஷன் ரெஸ்ட்ரிக்ட், இது போதும். ரெஸ்ட்ரிக்ட்ல கூடுதலா வர்ற மேக் மட்டும் டிராப் ஆகும், லாக்லயும் விழும், அத பாத்தே எந்த ரூம்னு கண்டுபிடிச்சிடலாம், போர்ட்ட கொல்ல வேண்டியதில்ல. இன்னொன்னு, ரவுட்டர வான் போர்ட்ல ஒழுங்கா குத்தினவன இது பிடிக்காது, நேட்டுக்கு (ரவுட்டர் எல்லாரையும் தன் ஒரே ஐபிக்குள்ள மறைக்கறது) பின்னாடி பத்து போன் இருந்தாலும் ஸ்விட்ச்சுக்கு தெரியறது ஒரே மேக்தான். லான்ல குத்தினா அந்த டப்பா வெறும் ஸ்விட்ச் மாதிரி ஆயிடும், பின்னாடி இருக்கறதெல்லாம் தெரியும், அப்பத்தான் 3 தாண்டும். உங்க ஆக்சஸ் பாயின்ட் இருக்கற போர்ட்ல மட்டும் போர்ட் செக்யூரிட்டியே வேணாம், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14லேர்ந்து போனுங்க மேக்க மாத்தி மாத்தி காட்டுது, எண்ணிட்டு இருக்க முடியாது.

கன்சோல்கேபிள்:
ஷட்டவுன்தான்னு மேலேர்ந்து சொன்னாங்கன்னா "எர்ர்டிசேபிள் ரெக்கவரி காஸ்" லைனையும் சேத்து போடுங்க, டீஃபால்ட்டா அது ஆஃப்லதான் இருக்கும், ஆன் பண்ணா 300 செகண்ட்ல போர்ட் தானா எந்திரிக்கும்.

ஸ்டார்ம் கன்ட்ரோல்ல பர்சன்ட்ட நம்பாதீங்க. கிகாபிட் போர்ட்ல 1 பர்சன்ட்னா கம்மியா தெரியும், ஆனா 64 பைட் பாக்கெட்டா வந்தா அது செகண்டுக்கு பதினாலாயிரத்துக்கு மேல, ஒரு ரூம்லேர்ந்து அவ்ளோ பிராட்காஸ்ட் எதுக்கு? பிபிஎஸ் (செகண்டுக்கு எத்தன பாக்கெட்) கணக்குல குடுங்க. சாதாரண நேரத்துல எவ்ளோ வருதுன்னு இன்டர்ஃபேஸ் கவுன்ட்டர பாத்துட்டு அதுக்கு பல மடங்கு மேல ஒரு நம்பர் வைங்க, முதல்ல ஆக்‌ஷன் டிராப் மட்டும். மல்டிகாஸ்ட்ட இப்ப தொடாதீங்க, அந்த சிசிடிவி எந்த மோட்ல ஓடுதுன்னு பாத்துட்டு சொல்லுங்க.